கூட இருக்க ஓர் ஆள்

உக்காருங்க மா, தாராளமா உக்காருங்க. என் பையை இப்படித் தள்ளி வச்சுக்கறேன். யாரைச் சேத்திருக்கீங்க? வீட்டுக்காரரையா? குடியா? ம். முகத்தைப் பாத்ததும் நினைச்சேன். வெக்கப்படாதீங்க, இந்த வராண்டாவுல உக்காந்திருக்கறவங்க யாரும் கோயிலுக்கு வந்தவங்க இல்ல. நானும் வீட்டுக்காரரைத்தான் சேக்க வந்தேன். ஆனா அவருக்குக் குடி இல்ல. ஒரு சொட்டு தொட்டதில்ல மனுஷன். கல்யாண வீட்டுல பாக்குகூடப் போட மாட்டாரு. அவருக்கு மாத்திரை.

தூக்க மாத்திரை மா. என் மாத்திரையைத் திருடிச் சாப்பிடறாரு.

சிரிப்பு வந்தா சிரிங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். உங்க பேரு என்ன? பேச்சியம்மாளா? உசிலம்பட்டிப் பக்கமா? சரி, பேச்சியம்மா, அந்த ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க. சுவரோரக் கட்டில்ல படுத்திருக்கறவர்தானே உங்க ஆளு? அதுக்கு அடுத்த கட்டில். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, காலைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்காரு பாருங்க. அவர்தான். டாக்டர் பூமிநாதன். இந்தப் போதை வார்டு இருக்கே, இதை அரசாங்கத்துக்கிட்ட நடையா நடந்து வாங்கினதே அவர்தான். திறப்பு விழா அன்னிக்குக் குத்துவிளக்குல நானும் ஒரு திரி ஏத்தினேன். இன்னிக்கு அதே வார்டுல அவருக்கு ஒரு கட்டில் போட்டுக் குடுத்திருக்காங்க. என் தலையெழுத்தைப் பாத்தீங்களா.

டாக்டர்னா ஊசி போடற டாக்டர் இல்ல. மருந்து உடம்புக்குள்ள போய் என்னென்ன பண்ணுதுன்னு ஆராய்ச்சி பண்ற டாக்டர். அதுலயும் அவர் எடுத்துக்கிட்டது போதை. ஒரு மனுஷன் ஒரு சாமானை ஏன் விட முடியாமக் கிடக்கான், மூளைக்குள்ள என்ன நடக்குது, அதுதான் அவரு வாழ்நாள் முழுக்கப் படிச்சது. காலேஜ்ல பாடம் சொல்லிக் குடுப்பாரு, மத்த நேரமெல்லாம் எலிகளோடதான் இருப்பாரு.

எங்க ஊரு பெரியகுளம். என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப டாக்டர் மாப்பிள்ளைன்னுதான் சொன்னாங்க. எங்க பெரியப்பா விடுவாரா? பஜ்ஜி தட்டைக் கீழ வைக்கறதுக்குள்ள சட்டையைக் கழட்டிட்டு முதுகுவலின்னு திரும்பி நின்னாரு. இவரு எழுந்து கையைக் கும்பிட்டு, "மன்னிக்கணும், நான் எலிக்குத்தான் பாக்கறேன்"னாரு. வீடு முழுக்கச் சிரிப்பு. எங்க அண்ணி அன்னிக்கே எலி டாக்டர்னு பேரு வச்சா, இன்னிக்கு வரைக்கும் எங்க சொந்தத்துல அந்தப் பேருதான். எனக்கு அவரை அங்கேயே பிடிச்சுப் போச்சு. பொய் சொல்லத் தெரியாத ஆளுன்னு நினைச்சேன். பாருங்க, யாரை எப்ப நம்பறதுன்னு.

கல்யாணமான புதுசுல அவரோட லேபுக்குப் போவேன். கூண்டுக்குள்ள ஒரு சின்னக் கட்டை இருக்கும். எலி அதை அமுக்கினா ஒரு சொட்டு மருந்து வரும். பக்கத்துலயே சோறு இருக்கும், தண்ணி இருக்கும், ஜோடி எலி இருக்கும். எதையும் பாக்காது. கட்டைதான். அமுக்கும், அமுக்கும், அமுக்கிக்கிட்டே இருக்கும். எனக்குப் பாவமாப் போயிரும். "கட்டையை எடுத்துட்டாப் போச்சு, இதுக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு"ன்னு கேட்டேன். "திடீர்னு எடுத்தா சில மருந்துக்கு வலிப்பு வந்து செத்துரும், கமலா. எலிக்கே தெரியாம கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். அது எப்படின்னுதான் மண்டையை உடைச்சுக்கறேன்"னாரு. எலிக்கே தெரியாம எப்படிக் குறைப்பாரு இந்த மனுஷன்னு நானும் அண்ணியும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கோம்.

பெரிய ஆளு மா அவரு. நான் சொல்றேன்னு இல்ல. லண்டனுக்குக் கூப்பிட்டாங்க, டெல்லியில மெடல் குடுத்தாங்க. தமிழ்ல டாக்டர் படிப்புக்கு வார்த்தை போடற கமிட்டியில இவரையும் போட்டாங்க. அங்க போய் ஒரு வார்த்தைக்குச் சண்டை. போதைக்கு அடிமைன்னு எழுதக் கூடாதாம். மனுஷனை அடிமைன்னு எழுத நாம யாருன்னு மேஜையைத் தட்டினாராம். பழக்கம்னு போடுங்கன்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு. அதுவும் கூடாதுன்னுட்டாரு. நம்ம ஊர்ல பழக்கம்னா எல்லாம்தானே. பால்காரரும் பழக்கம், பிராந்திக் கடையும் பழக்கம். கடைசியில இவரு சொன்ன வார்த்தை சார்பு. மருந்துச் சார்பு. அது இல்லாம நிக்க முடியாம அதுமேல சாஞ்சு கிடக்கறதாம். வீட்டுக்கு வந்து பெருமையாச் சொன்னாரு. "அப்படின்னா நானும் உங்க மேலதான் சாஞ்சு கிடக்கேன், அதுவும் வியாதியா?"ன்னு கேட்டேன். அவ்வளவு படிச்சவரு தலையைச் சொறிஞ்சுக்கிட்டுக் குளிக்கப் போயிட்டாரு.

எங்களுக்கு ஒரே பொண்ணு. பூரணி. ஆறு வயசுல மூளைக் காய்ச்சல்ல போயிருச்சு. அதை நான் அதிகமாச் சொல்ல மாட்டேன், நீங்களும் கேக்காதீங்க.

அப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல. கண்ணை மூடினா அந்தப் புள்ள தண்ணி கேக்கும். கடைசியில அதுக்குத் தண்ணி குடுக்க வேண்டாம்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தாங்க. எழுந்திரிச்சுப் போவேன், கட்டில் காலியாக் கிடக்கும், மறுபடியும் வந்து படுப்பேன், மறுபடியும் கேக்கும். வாரக் கணக்கா அப்படி. என்னைப் பாக்க முடியாம இவர்தான் ஒரு நாள் ஒரு சின்ன மாத்திரையைக் கொண்டு வந்து கையில வச்சாரு. "ரெண்டு வாரத்துக்குத்தான், கமலா"ன்னாரு. அன்னிக்குத் தூங்கினேன் பாருங்க. செத்துப் பொழைச்ச மாதிரி. ரெண்டு வாரம் கழிச்சு நிறுத்தினாரு. நான் அழுதேன். திருப்பிக் குடுத்துட்டாரு. நல்ல மனுஷன், யாரும் அழுதாத் தாங்க மாட்டாரு. அப்புறமும் ஒண்ணு ரெண்டு தடவை நிறுத்திப் பாத்தாரு. எனக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடங்கும், கரப்பான் ஊருதுன்னு போர்வையை உதறுவேன். திருப்பிக் குடுத்துருவாரு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே இல்ல. தினம் சாப்பாடு முடிஞ்சதும் அவர் கையாலதான் மாத்திரை. சாமி பிரசாதம் மாதிரி வாங்கிப் போட்டுக்குவேன். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

இல்ல இல்ல, அது பழக்கம் இல்ல. எல்லாரும் இப்படித்தான் புரியாமக் கேக்கறீங்க. எனக்கு அது தேவை. சர்க்கரை உள்ளவங்க மாத்திரை போடலையா, அதைப் பழக்கம்னா சொல்றோம்? எனக்குப் பழக்கம்னா அந்த மெடிக்கல் கடை சோலையைத்தான் பழக்கம். சீட்டு இல்லாமலே குடுப்பான், தங்கமான பையன். பகல்ல படபடப்பு வந்தா ஒரு அரை போட்டுக்குவேன். விசேஷ வீடுன்னா கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு அரை. அவ்வளவுதான். குடிகாரன் மாதிரி ரோட்டுலயா விழுந்து கிடந்தேன்? உங்களைச் சொல்லல பேச்சியம்மா, பொதுவாச் சொல்றேன்.

ஒரு வேடிக்கை சொல்றேன் கேளுங்க. அவரு ஆராய்ச்சி முதல்ல அபின்ல. அதுலதான் பேரு வாங்கினாரு, லண்டன்காரன் கூப்பிட்டதும் அதுக்குத்தான். பூரணி போனதுக்கு மறு வருஷம் அதை அப்படியே தூக்கிப் போட்டுட்டுத் தூக்க மாத்திரைக்கு மாறிட்டாரு. கூட வேலை பாத்தவங்களெல்லாம் தலையில அடிச்சுக்கிட்டாங்க. வரவேண்டிய பெரிய பதவி ஒண்ணும் கைவிட்டுப் போச்சு. ஏங்க இப்படிப் பண்றீங்கன்னு கேட்டேன். சும்மாதான்னாரு. இருபது வருஷத்துக்கு மேல அதே எலி, அதே தூக்க மாத்திரை. எப்படி வலிப்பு வராம, நடுக்கம் வராம, எலிக்குத் தெரியாம மாத்திரையைக் குறைக்கறதுன்னு. எதுக்கு இந்தப் பிடிவாதம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கல. இப்பத்தான் தோணுது, அப்பவே அவருக்கு அந்த மாத்திரை மேல ஒரு கண்ணு இருந்திருக்கு.

ரிட்டயர் ஆன பிறகு ஊர் ஊராப் போய்ப் பேசுவாரு. ஸ்கூல், லயன்ஸ் கிளப், மாதர் சங்கம். நானும் கூடப் போவேன். ஒருத்தரு மாட்டிக்கிட்டாரான்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு நாலு அடையாளம் சொல்லுவாரு. எனக்கு மனப்பாடம். ஒளிச்சு வைப்பாங்க, பொய் சொல்லுவாங்க, கேட்டாக் கோபம் வரும், எத்தனை மிச்சம் இருக்குன்னு எண்ணிக்கிட்டே இருப்பாங்க. சில சமயம் நாலாவது மறந்துருவாரு, நான் கீழ இருந்து எடுத்துக் குடுப்பேன். ஜனங்க கை தட்டுவாங்க. அவரு மட்டும் என்னைப் பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்குவாரு. கூச்ச சுபாவம்.

இந்த வருஷந்தான் எல்லாம் கெட்டுப் போச்சு. பொங்கலுக்கு முன்னாடி நான் பாத்ரூம்ல விழுந்தேன். மாசியில மறுபடியும் விழுந்தேன். டைல்ஸ் மா, புது டைல்ஸ், வழுக்கு வழுக்குன்னு வழுக்குது. சொன்னாக் கேக்க மாட்டேங்கறாரு, டைல்ஸை மாத்த மாட்டேங்கறாரு. ஒரு நாள் பாலை அடுப்புல வச்சுட்டுத் தூங்கிட்டேன், வீடெல்லாம் புகை. யாருக்கும் நடக்கறதுதானே. எங்க பக்கத்து வீட்டம்மா பேரு ஒரு நாள் வாயில வரல. வயசாகுதுல்ல. இதுக்கெல்லாம் இவரு இடிஞ்சு போய் உக்காந்தாரு. அதுல இருந்துதான் இவரு போக்கு மாறுச்சு.

முதல்ல சோலைகிட்டப் போய்ச் சண்டை போட்டிருக்காரு. இனிமே அம்மாவுக்குக் குடுக்காதேன்னு. சோலை எனக்குப் போன் பண்ணி அழுதான். முப்பது வருஷமாச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், இப்ப எதுக்குத் தடுக்கணும்? தனக்கு மட்டும் வேணும்கறதாலதானே? நான் விடல, வேற தெருவுல ஒரு கடை பிடிச்சேன். வாங்கினதை அவசரத்துக்கு இருக்கட்டும்னு அரிசி டப்பாவுக்குள்ள வச்சிருந்தேன். ஒளிச்சு வைக்கல மா, பத்திரமா வச்சேன். அதையும் கண்டுபிடிச்சு எடுத்துட்டாரு. எங்கேன்னு கேட்டா, "எனக்குத் தெரியாது, கமலா"ன்னாரு. பொய் சொல்லத் தெரியாத மனுஷன் பொய் சொல்றாரு. மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு.

அப்புறம் அவர் கையால குடுக்கற மாத்திரை சின்னதாயிட்டே வந்துச்சு. நான் வெகுளி, கம்பெனிக்காரன்தான் குறைச்சுட்டான்னு நினைச்சேன். இப்ப பிஸ்கட்டெல்லாம் சின்னதாக்கிட்டான்ல, சோப்பைச் சின்னதாக்கிட்டான்ல, அப்படி. தூக்கம் பத்தல. விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துரும். முழிச்சா, பூரணி தண்ணி கேக்கும். இத்தனை வருஷம் கேக்காம இருந்த புள்ள மறுபடியும் கேக்க ஆரம்பிச்சுருச்சு. நான் டப்பாவுல கையை விட்டா அங்கேயும் இல்ல. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க.

ஒரு நாள் மத்தியானம் சீரியல் பாத்துக்கிட்டு இருந்தேன். கரண்ட் போச்சு. என்னமோ சுரண்டற சத்தம், அவர் ரூம்ல இருந்து. எட்டிப் பாத்தேன். மேஜையில பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு, கண்ணாடிக்கு மேல இன்னொரு பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டு, ஷேவிங் பிளேடால என் மாத்திரையைச் சீவிக்கிட்டு இருக்காரு. பொடியா விழுது. வயசான கை, ஒரு விரல்ல பிளேடு பட்டு ரத்தம். என்னைப் பாத்ததும் வெலவெலத்துப் போயிட்டாரு. அந்தப் பொடியை அப்படியே பேப்பரோட சுருட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. எனக்கு அன்னிக்குத்தான் எல்லாம் புரிஞ்சுது. என் பங்கைச் சீவி அவரு சாப்பிடறாரு. எலி மாதிரி.

கத்தினேன். வாழ்க்கையில முதல் தடவையா அவரைப் பாத்துக் கத்தினேன். "சீவினதைத் தினமும் வாஷ் பேசின்ல கொட்டிடறேன், கமலா. நான் சாப்பிடல. உனக்குத்தான் குறைச்சுக்கிட்டு வரேன். பாதிக்கு வந்துட்டோம்"னாரு. அப்ப நான் விடுவேனா? இவரு சொல்லிக் குடுத்த பாடந்தானே. மாட்டிக்கிட்டவங்க முதல்ல அடுத்தவங்களைத்தான் கை காட்டுவாங்கன்னு இவர்தானே மைக்குல சொல்லுவாரு. ஒவ்வொண்ணாக் கேட்டேன். ஒளிச்சு வச்சீங்களா? வச்சேன்னாரு. பொய் சொன்னீங்களா? சொன்னேன்னாரு. சோலைகிட்டக் கோபப்பட்டீங்களா? பட்டேன்னாரு. எத்தனை மிச்சம்னு தினம் எண்ணினீங்களா? தினம் எண்ணினேன்னாரு. நாலும் இருக்கு, இப்ப சொல்லுங்க டாக்டர், இது யாரு வியாதின்னு கேட்டேன்.

சிரிக்க ஆரம்பிச்சாரு. சிரிச்சாரு, சிரிச்சாரு, அப்புறம் பாத்தா அது சிரிப்பு இல்ல. மேஜையில தலையைக் கவுத்துக்கிட்டாரு. நான் என்ன பண்றதுன்னு தெரியாம நின்னேன். பூரணி போனப்பகூட அவரு என் முன்னாடி அழுதது இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "நீ சொல்றது சரி, கமலா. எனக்குத்தான். என்னால தனியா முடியல. என்னை ஹாஜிராகிட்டக் கூட்டிட்டுப் போய்ச் சேத்துரு. ஆனா கூட நீ இருக்கணும்"னாரு.

ஹாஜிரா இவர்கிட்டப் படிச்ச பொண்ணு. இப்ப இந்த வார்டுக்கே அவதான் பெரிய டாக்டர். எங்க வீட்டுச் சோறு தின்னு வளந்தவ. யாரைச் சேத்தாலும் கூட இருக்க வீட்டு ஆள் ஒருத்தர் வேணும், அது இந்த வார்டு சட்டம்னு உங்களுக்கும் சொல்லியிருப்பாங்களே? அது இவர் போட்ட சட்டம். வீட்டு ஆளையும் சேத்து உள்ள வச்சாத்தான் குணமாகும்னு அடம் பிடிச்சு எழுத வச்சாரு. இன்னிக்கு அந்தச் சட்டம் எங்க தலையிலயே விழுந்துச்சு.

காலையில வந்தோம். இவரு இங்க நுழைஞ்சதும் நர்ஸெல்லாம் எழுந்து நின்னு வணக்கம் சார்னாங்க. லெக்சருக்கு வந்திருக்காருன்னு நினைச்சிருக்காங்க. "அட்மிஷன்"னாரு. ஒரு சின்ன நர்ஸ் வாயைப் பொத்திக்கிட்டா. எனக்கு மானமே போச்சு. இவரு எதையும் கண்டுக்கல. சேர்ல போய் உக்காந்து, "நோயாளி பேரு பூமிநாதன்"னாரு, யாரோ மூணாவது மனுஷனைச் சொல்ற மாதிரி.

ஹாஜிரா கேள்வி கேட்டா. நான் பக்கத்துலயே இருந்தேன். எத்தனை வருஷமா சார்னு கேட்டா. "முப்பத்திரெண்டு வருஷம்"னாரு. நான் அவர் தொடையைத் தட்டினேன், தப்புத் தப்பாச் சொல்றீங்கன்னு. அவருக்கு இந்த வருஷந்தானே. எதனால ஆரம்பிச்சுதுன்னு கேட்டா. "பொண்ணு தவறிட்டா, தூக்கம் போச்சு"ன்னாரு. யாரு முதல்ல குடுத்தாங்கன்னா. "வீட்டுலயே ஒரு டாக்டர் இருந்தான், ரெண்டு வாரத்துல நிறுத்திரலாம்னு நினைச்சான்"னாரு. நிறுத்திப் பாத்தீங்களான்னா. "பாத்தேன். அழுகையைப் பாக்க முடியாமத் திருப்பிக் குடுத்துட்டேன்"னாரு. அப்புறம் விழுந்தது, பாலு தீஞ்சது, பேரு மறந்தது, எல்லாத்தையும் தனக்கு நடந்த மாதிரியே சொல்றாரு. பேச்சியம்மா, அது என் கதை. வரி விடாம என் கதை. அவருக்கு மூளை கலங்கிப் போச்சு. தான் யாரு, நான் யாருன்னே பிரிச்சுப் பாக்கத் தெரியல. அந்த மாத்திரை அவரை அந்த நிலைமைக்குக் கொண்டு வந்துருச்சு. நான் ஹாஜிராகிட்டச் சொன்னேன், "இதெல்லாம் எனக்கு நடந்தது மா, இவரு குழப்பறாரு"ன்னு. அவ எழுதறதை நிறுத்திட்டா. பேனாவை மூடி வச்சுட்டுத் துப்பட்டாவால கண்ணைத் துடைச்சா. அவளுக்கு அவ சார் மேல அவ்வளவு பாசம்.

அப்புறம் என் பையையும் வாங்கிச் சோதனை போட்டாங்க. நோயாளி பையைப் பாக்கறது சரி, கூட வந்தவ பையை எதுக்குப் பாக்கணும்? என் மாத்திரையையெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டாங்க. மத்தியானத்து அரையைக்கூடப் போடல நான். கையைப் பாருங்க, காலையில இருந்து சரியாச் சாப்பிடலல்ல, அதான் இப்படி ஆடுது.

ஹாஜிரா என் பக்கத்துல வந்து தரையில உக்காந்தா. டாக்டர் மா அவ, தரையில உக்காந்தா. "அம்மா, ஒரே வீட்டுல ஒருத்தர் சாப்பிட்டுக்கிட்டு இருந்தா இன்னொருத்தரால விட முடியாது. சார் விடணும்னா நீங்களும் விடணும். திடீர்னு இல்ல. சாருக்கு எப்படியோ அப்படியே உங்களுக்கும், இங்கேயே வச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம். மாசக் கணக்கா ஆகட்டும். நான் இருக்கேன், சார் இருக்காரு"ன்னா. "நான் நோயாளி இல்லையே மா"ன்னேன். "இல்லம்மா. சாருக்காக"ன்னா. இவரு கட்டில்ல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்கற பையன் மாதிரி. பெரியகுளத்துல என்னைப் பொண்ணு பாத்தப்பகூட அப்படிப் பாக்கல.

"வெளிய உக்காந்து யோசிச்சுட்டு வாங்கம்மா. சரின்னா இன்னிக்கே சார் பக்கத்துல கட்டில் போடறேன். இல்லைன்னா நான் வற்புறுத்த மாட்டேன், வற்புறுத்தக் கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு"ன்னா. அதான் இங்க உக்காந்திருக்கேன். யோசிச்சேன். உங்ககிட்டப் பேசிக்கிட்டே யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

அவருக்காக நான் என்ன வேணும்னாலும் செய்வேன் மா. கிட்னியைக் கேட்டாக் குடுப்பேன். கண்ணைக் கேட்டாக் குடுப்பேன். ஆனா இது வேற. மாத்திரை இல்லாத ஒரு ராத்திரியை என்னால நினைச்சுக்கூடப் பாக்க முடியல. எனக்குப் பயமா இருக்கு. அந்தப் புள்ள தண்ணி கேட்டா நான் என்ன சொல்லுவேன்? அவருக்கு அதெல்லாம் கேக்காது, அவரு படுத்தாத் தூங்கிருவாரு. தூங்கிருவாருன்னுதான் நினைக்கறேன். அவரு தூங்கி நான் பாத்ததில்ல, நான்தான் முன்னாடியே தூங்கிருவேனே. ஹாஜிராவுக்கு என்ன, சின்னப் பொண்ணு, புள்ளைங்க நல்லா இருக்கு, படுத்தாத் தூக்கம் வருது. கொஞ்சம் கொஞ்சமான்னு சொல்லிட்டா. கொஞ்சத்துக்கே எனக்கு உசிரு போச்சு, அது அவளுக்கு எங்க தெரியும்?

ஒரு நிமிஷம் சரின்னு சொல்லிரலாம்னுதான் எழுந்தேன். நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. கதவு வரைக்கும் போனேன். உள்ள போற காலை எடுத்து வைக்க முடியல. உடம்பெல்லாம் வேர்த்துருச்சு, திரும்பி வந்து உக்காந்துட்டேன். அவரு பாத்தாரான்னு தெரியல.

யோசிச்சுப் பாத்தா, வியாதி அவருக்கு. மருந்து அவருக்கு. அதுக்கு நான் எதுக்கு என் தூக்கத்தை விடணும்? நான் ஒழுங்காத் தூங்கி எழுந்தாத்தானே அவரை வந்து பாக்க முடியும்? நானும் படுத்துட்டா அவருக்கு யாரு இருக்கா? இதுல தப்பு இல்லையே பேச்சியம்மா? சொல்லுங்க, தப்பு இல்லையே?

நான் கிளம்பறேன் மா. இப்பப் போனாத்தான் அந்த வேற தெரு மெடிக்கல் கடையை மூடறதுக்குள்ள போகலாம். காலையில எழுந்ததும் வந்துருவேன், இட்லி செஞ்சு எடுத்துட்டு வரேன், உங்களுக்கும் சேத்து. நீங்க எப்படியும் உங்க ஆளுக்காக இங்கதான் இருக்கப் போறீங்க. பக்கத்துக் கட்டில்தானே, அவரையும் கொஞ்சம் பாத்துக்குங்க. கூட இருக்க ஆள் யாருன்னு நர்ஸ் கேட்டா உங்களைச் சொல்லிட்டுப் போறேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் குடுக்க மாட்டாரு. எதையும் கேட்டு வாங்கத் தெரியாது அவருக்கு. சட்டைப் பையை மட்டும் அப்பப்ப ஒரு பார்வை பாத்துக்குங்க.

அதோ, எழுந்து ஜன்னல்கிட்ட வந்துட்டாரு பாருங்க. நான் பையைத் தூக்கினதைப் பாத்துட்டாரு. கூப்பிட மாட்டாரு. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு, அவ்வளவுதான். நான் திரும்பிப் பாத்தாப் போக முடியாது. நீங்க போய்ச் சொல்லுங்க மா. கமலா நல்லாத்தான் இருக்கா, அவளை நினைச்சுக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்க. மனசைக் கட்டுப்படுத்திக்கிட்டு, டாக்டர் சொல்றதைக் கேட்டு, சீக்கிரமா அந்தப் பழக்கத்தை விட்டுட்டு வரச் சொல்லுங்க.